வழும்பு தேடிப் போனேன்

மீனைக் கையில் பிடித்தால் நழுவுகிறதே, அந்த வழவழப்புக்கு வழும்பு என்று பெயர். அதை எடுத்து வருவதற்காக ஒருவன் கடல் தாண்டி இலங்கைக்குப் போனான் என்றால் கேட்பவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? என் பக்கத்து வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏன், சென்னைப் பட்டணத்துக் கடலில் மீனுக்கு வந்த பஞ்சமா?" என்றார். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு அது பிறவியிலேயே குறைச்சல். அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சென்னையில் ஒரு கிருமி ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளன். கண்ணாடிக் குழாய் கழுவுவதில் ஆரம்பித்து, மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் வேலைவரை வந்தவன். எங்கள் பெரிய டாக்டருக்கு அந்த வருஷம் ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. மீனின் வழும்பில் கணக்கற்ற கிருமிகள் குடியிருக்கின்றன. கிருமி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை பரம சாது. இன்ன மீனின் உடம்பில் இன்ன கிருமிதான் குடியிருக்கலாம் என்று தீர்மானிப்பது எது? மீனின் வயசா, அது வாழும் தண்ணீரா? குஞ்சின் மேலும் தாயின் மேலும் ஒரே கூட்டம்தான் இருக்கிறதா, வயசாக ஆக மாறுகிறதா? இதைப் பார்க்க, ஒரே ஓடை கொஞ்ச தூரத்துக்குள்ளேயே வேறு வேறு தண்ணீராக மாறுகிற இடம் வேண்டும் என்றார்.

அப்படி ஓர் ஓடை தன் தோட்டத்தில் இருப்பதாக, இரத்தினபுரிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துத் துரையாக இருந்த அவருடைய நண்பர் எழுதினார். டாக்டர் அந்தக் கடிதத்தை வாசித்தபோது தோட்டத்தின் பெயரைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அக்கா மருதாயி கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறிப் போன தோட்டம் அது. பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயசு. வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். ஒவ்வொரு கடிதத்திலும் கையெழுத்து வேறு, முகவரி மட்டும் அதேதான். "யார் போகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து நின்றேன். சாஸ்திரத்தின்மேல் எனக்கு எவ்வளவு பக்தி என்று அவர் பூரித்துப் போனார்.

செவ்வாய்க்கிழமை பெல்மதுளையில் பஸ் ஏறினேன். மடியில் என் மரப்பெட்டி. அதற்குள் மைக்ரோஸ்கோப், ஸ்பிரிட் விளக்கு, நாற்பது கண்ணாடிக் குழாய்கள். கடற்பாசியைக் காய்ச்சிக் குழாய்க்குள் ஊற்றி உறையவிட்டு, பஞ்சால் வாயை அடைத்திருக்கும். அந்தப் பாகின்மேல் வழும்பைத் தடவினால் கிருமிகள் பொட்டுப் பொட்டாக வளரும். கண்டக்டர் பெட்டியைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கத்தினான். "பெட்டிக்கும் டிக்கட் எடுக்கச் சொல்றான்" என்று பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார். கஹவத்தையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். பஸ்ஸில் எல்லோரும் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்றார்கள். நானும் நானா என்றேன்.

ஓர் ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டுமாம். நான் பெட்டியை ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்கி, மழையில், சேற்றில், ஊர் பேர் தெரியாதவர்களோடு தோளை முட்டுக்கொடுத்துத் தள்ளினேன். பஸ் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் வந்தது. யாரோ சக்கரத்துக்குக் கல் போட்டார்கள். பஸ் குலுங்கி நின்றது. என் பெட்டி கீழே விழுந்த சத்தம் வெளியே கேட்டது. நாற்பது குழாயில் பன்னிரண்டுதான் மிஞ்சின.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, நானா உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். ஒரு துண்டிலிருந்த பாகை விரலால் அழுத்திப் பார்த்து, "இது கடப்பாசிதானே மகன்? சீனி போடல்லையா?" என்றார். இதில் கிருமி வளர்ப்போம் என்று விவரம் சொன்னேன். "அல்லாஹ்வே! நாங்க நோம்பு தொறக்கத் திங்கிறதுல நீங்க கிருமியா வளக்குறீங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இறங்கும்போது, "கடப்பாசி வேணுமெண்டா கடைக்கி வாங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சென்னையில் மழை விருந்தாளி. எப்போதாவது வரும், வந்தால் கொண்டாடுவோம். இந்தப் பக்கத்தில் மழைதான் வீட்டுக்காரன், மனிதர்கள் குடிக்கூலிக்கு இருக்கிறார்கள். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என்மேல் உலர்ந்த இடம் என்று ஒன்று இல்லை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு பெண் பால் வாளியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவளிடமே, "மருதாயி வீடு எது?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாளி கையிலிருந்து உருண்டு போயிற்று.

"தம்பி! எம்புட்டு ஒசந்துட்ட! நீ வரும்போது ஓடிவந்து தூக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். இப்ப நீயில்ல என்னத் தூக்கணும்."

சிரித்தாள். அப்புறம் அழுதாள். அவள் கையில் ரப்பர்ப்பால் வாடை. நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது. முப்பத்தைந்து வயசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரொட்டி தட்டி, மிளகாயும் தேங்காய்ப்பூவும் இடித்த சம்பல் வைத்து, பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொடுத்தாள். "இங்கன ஓயாவுல லூலா கெடைக்கும் தம்பி" என்றாள். லூலா என்றால் என்ன என்றேன். அவளுக்குத் தமிழ்ப் பெயர் நாக்கில் வரவில்லை. ஓடை என்ற சொல்லும் போய் ஓயா ஆகியிருந்தது. கடைசியில் அத்தான்தான், "விராலு, விராலு" என்று எடுத்துக்கொடுத்தார்.

அத்தான் முத்துக்கருப்பன் வேலை நேரத்தில் வீட்டில் இருந்தது எனக்கு உறைத்தது. கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஓடையில் மீன்கள் புண்ணோடு செத்து மிதக்கின்றன. கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துத் தலைவரான ஆரச்சி துரையிடம் போய், தோட்டத்து ஆட்கள் யாரோ ஓடையில் விஷக்காய் போட்டுவிட்டதாகப் புகார் சொல்லியிருக்கிறார். யார் என்று துரை கங்காணியைக் கேட்டார். கங்காணி கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். தன் தலைக்கு வராமல் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் தூண்டில் போடுகிறவர் அத்தான் ஒருத்தர்தான். அவர் பெயரைச் சொல்லிவிட்டார். அது ரப்பர் விலை விழுந்துகிடந்த காலம். ஆளைக் குறைக்க எல்லாத் தோட்டத்திலும் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் என்று முடிவானால் பத்துச்சீட்டு. அதாவது, பெயர் வெட்டிய சீட்டைக் கையில் கொடுத்துக் குடும்பத்தோடு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"மருக்காரைக் காய நசுக்கிப் போட்டேனாம் மச்சான்" என்றார் அத்தான். "காயி போட்டா மொதல்ல குஞ்சுதான் மெதக்கும். இங்க குஞ்செல்லாம் துள்ளுது, கெழடுதான் புண்ணு வந்து சாகுது. இத யாருகிட்ட சொல்றது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் டாக்டர் மேஜையில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு, தூண்டில் போடுகிற மனிதர் பாதி பதில் சொல்லிவிட்டார். "என்னிடம் சொல்லுங்கள் அத்தான், அதற்குத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறேன்" என்று மார்தட்டினேன்.

பொழுது சாயுமுன் அக்கா என்னை ரப்பர் மரங்களுக்குள் கூட்டிப்போனாள். ஓடைக்கு மேலே, சரிவில், சின்னதாக ஒரு மண்மேடு. தலைமாட்டில் குரோட்டன் செடி. அவள் மகள் செல்லம்மா. ஏழு வயசில் காய்ச்சலில் போனவள். பிள்ளை செத்ததைக் கடிதத்தில் எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள், நானும் படித்தேன். ஆனால் அந்த மேட்டின் நீளத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அது நடந்தது.

"வேல எங்க போனாலும் கெடைக்கும் தம்பி" என்றாள். "இவள எங்க தூக்கிட்டுப் போறது?"

புதன்கிழமை காலையில் துரையைப் பார்த்தேன். மரியாதையான மனிதர். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார், அந்தக் காலத்தில் அதுவே பெரிது. முத்துக்கருப்பன் என் அக்காள் புருஷன் என்பதை மறைக்காமல் சொன்னேன். விஷம் என்றால் குஞ்சுதான் முதலில் சாகும், இது வயசான மீன்களுக்கு வரும் வியாதி, வழும்பில் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். அவர் பைப் புகைத்தபடி கேட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது: "காட்டு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, உயிரோடு பிடித்த பெரிய மீன் ஒன்றிலிருந்து எடுத்துக் காட்டு. என் கண்ணால் பார்த்தால் ஆரச்சியையும் கூப்பிட்டுக் காட்டுகிறேன். செத்து அழுகியதை எடுத்து வராதே, அதில் எல்லாக் கிருமியும் இருக்கும்." அவர் கேட்டது நியாயம்தான். எங்கள் டாக்டரும் அதையேதான் கேட்டிருப்பார்.

அத்தானோடு ஓடைக்குப் போனேன். மேலே காட்டுக்குள் தண்ணீர் கண்ணாடி. அதுவே ரப்பர் ஸ்டோரைத் தாண்டியதும் கலங்கி வெளுத்துவிடுகிறது. பாலை அமிலம் ஊற்றி உறையவைத்துப் பிழிந்த தண்ணீரை அப்படியே ஓடையில் விடுகிறார்கள். தோசைமாவு மூன்று நாள் புளித்த வாடை. இன்னும் கீழே போனால் மாணிக்கக் குழி தோண்டுகிறவர்கள் கழுவிவிட்ட செம்மண். ஒரே ஓடை, மூன்று தண்ணீர்.

காட்டுத் தண்ணீரில் இரண்டு மீன் கிடைத்தது. வெளுத்த தண்ணீரில் விரால் குஞ்சுகள் சிவப்புப் புகைபோலக் கூட்டமாக நின்றன. கம்பியின் நுனியை விளக்கில் சுட்டு, ஆறவிட்டு, குஞ்சின் விலாவில் தொட்டு, குழாய்க்குள் தடவினேன். அத்தான் மூச்சுவிடாமல் பார்த்தார்.

"இந்த வழும்பில்தான் எல்லாம் இருக்கிறது அத்தான். கை பட்டால் நம் கைக் கிருமி சேர்ந்துவிடும். கழுவினால் எல்லாமே போய்விடும். குஞ்சு இந்தத் தண்ணீருக்குப் புதிது. மூத்த மீன் வருஷக்கணக்காக இதிலேயே கிடக்கிறது. அதன் மேல் குடியிருப்பது வேறு கூட்டமாக இருக்கும். அந்தக் கூட்டம்தான் புண்ணை உண்டாக்குகிறது என்று நினைக்கிறேன். ஒரு பெரிய விரால் கிடைத்தால் போதும்."

"அப்ப வழும்புதான் சாட்சி" என்றார் அத்தான். நான் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மாணிக்கக் குழியில் வேலை செய்கிற கிழவர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். சிங்களத்தில் என்னவோ சொல்லித் தலையாட்டிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்றேன். அத்தான் தூண்டில் நூலைச் சிக்கெடுத்தபடி சொன்னார்: "மீனுல கெழடு சாகுது, குஞ்சு பொழைக்குது. மனுசங்கள்ள தலகீழா இருக்குங்கிறாரு." சொல்லிவிட்டு, மண்மேடு இருக்கும் சரிவைப் பார்த்தார்.

சாயங்காலம்வரை தேடியும் மூத்த மீன் எதுவும் அகப்படவில்லை. என் பன்னிரண்டு குழாயும் தீர்ந்துபோயின. லயத்தில் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்தபோது அக்கா எட்டிப்பார்த்தாள். "இதுதானா அந்தப் பரிச்ச? முடிஞ்சிருச்சா தம்பி?" என்றாள். நான் களைத்திருந்தேன். இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று, "ஆமா, அதுல வளரும்" என்று சொல்லிப் படுத்துவிட்டேன். ஓடையோரம் அத்தானிடம் சொன்னதில் பாதியை அவளிடம் சொல்ல எனக்கு எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்?

வியாழக்கிழமை விடிந்ததும் கஹவத்தைக்குக் கிளம்பினேன். புதுக் குழாய் தயார் செய்யாமல் ஒன்றும் நடக்காது. அத்தான் தூண்டிலும் கூடையுமாக முன்னமே ஓடைக்குப் போய்விட்டார். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், வீடு முழுக்கப் புகை. நான் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அத்தானுக்குப் பெரிய விரால் கெடச்சா சுத்தமா வச்சிரு. நான் சாயங்காலம் வந்துருவேன்."

"விராலா? நீ கேட்டு நான் வைக்காம இருப்பனா? சுத்தமா வச்சிர்றேன், நீ பதனமா போயிட்டு வா."

நானாவின் கடையில் கடற்பாசி ஒரு கட்டு எடுத்துத் தந்தார். வீட்டுக்குள் கூட்டிப்போய், கிருமிக்குத் தீனியாகப் பாகில் சேர்க்கக் கறி அவித்த ரசத்தை வடிகட்டிக் கொடுக்கச் சொன்னார். மருந்துக்கடையில் கொஞ்சம் குழாய்கள் கிடைத்தன. பாகு காய்ச்சி ஊற்றி, பஞ்சு அடைத்து, அவர் வீட்டு இடியப்பப் பானையில் மூன்று தடவை அவித்து எடுத்தேன். அவர் வீட்டுப் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது கேட்டது. "இனி இந்தப் பானையில இடியப்பம் அவிச்சா கிருமி வருமா?" என்று ஒருத்தி கேட்டாள். "கிருமியக் கொல்லத்தான் புள்ள அவிக்கிறாரு" என்று நானா அதட்டினார். எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டார், சொன்னேன். மச்சான் பிழைக்கட்டும் என்று இரண்டு கையையும் ஏந்தித் துஆ செய்தார். எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில்கூட எனக்கு இப்படி ஓர் உதவி கிடைத்ததில்லை.

திரும்பும் வழியில் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. பஸ் நகராது என்றான் டிரைவர். இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கால் நிறைய அட்டை. பிய்த்துப் போடவும் நிற்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லயத்துக்கு வந்தேன். வாசலிலேயே வாசனை வந்து மோதியது. தேங்காய்ப்பாலும், கொறக்காவும், வறுத்து அரைத்த மிளகாயும். கொறக்கா என்பது இங்கே புளிக்குப் பதிலாகப் போடுகிற காய்ந்து கறுத்த பழத்தோல். மீன் குழம்பில்தான் போடுவார்கள்.

அக்கா நல்ல சேலை கட்டியிருந்தாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். சட்டியைத் திறந்து காட்டினாள்.

"முழங்கை நீளம் தம்பி! உசுரோட கொண்டாந்தாரு. வெலாவுல புண்ணு இருந்துச்சு, அத மட்டும் அரிஞ்சு எறிஞ்சிட்டேன். சாம்பலப் போட்டு, கல்லுல வச்சு, மூணு தண்ணியில ஒரைச்சேன். ஒரு பொட்டு வழும்பு கெடையாது. பாரு, எம்புட்டு சுத்தமா இருக்குன்னு."

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் சுத்தமாக வை என்றால் தொடாதே என்று அர்த்தம். பத்து வருஷமாக நாள் முழுக்க அந்தச் சொல்லை அந்த அர்த்தத்திலேயே சொல்லிச் சொல்லி, வேறு அர்த்தம் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. தமிழ் பேசுகிற எந்தப் பெண்ணிடம் மீனைச் சுத்தமா வை என்றாலும் அவள் இதைத்தான் செய்வாள். சாம்பல் எடுப்பாள், கல்லில் உரசுவாள். அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நாலு வார்த்தை சொல்ல எனக்குத்தான் நேரமில்லை.

ஓடிப்போய் லயத்துக்குப் பின்னால் உரசுகல்லைப் பார்த்தேன். மழை கழுவிவிட்டிருந்தது. செதிலும் குடலும் போன இடம் தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவள் தட்டில் சோறு போட்டு நடுத்துண்டை வைத்திருந்தாள். அத்தான் சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பதினெட்டு வருசத்துல எங்கிட்ட நீ வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்" என்றாள். "சாப்புடு."

சாப்பிட்டேன். வேறென்ன செய்ய? குழம்பு அவ்வளவு ருசியாக இருந்தது, அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. கண்ணில் நீர் வந்தபோது காரம் என்றேன். அவள் மோர் இல்லையே என்று தவித்துச் சாயத்தண்ணி கொண்டுவந்தாள். அத்தான் தன் பங்கைச் சாப்பிட்டு முடித்தார்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் நானும் அத்தானும் ஓடைக்குப் போனோம். ராத்திரி பெய்த மழையில் அது ஓடையாகவே இல்லை. மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு செம்மண் வெள்ளம் போயிற்று. தூண்டிலை அவிழ்க்கக்கூட இல்லை. கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பத்து மணிக்குப் பங்களா விறாந்தையில் மைக்ரோஸ்கோப்பை வைத்தேன். குஞ்சுகளின் குழாய்களில் கிருமிகள் அழகாக வளர்ந்திருந்தன. காட்டுத் தண்ணீர் மீனின் குழாய்களில் வேறு நிறத்தில் வேறு கூட்டம். தண்ணீர் மாறினால் குடியிருப்பும் மாறுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அத்தாட்சி நான் பார்த்ததில்லை. துரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"நன்றாக இருக்கிறது. வயசான மீன் எங்கே?"

"பிடித்தோம்."

"எங்கே?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஓடிவிட்டது, நழுவிவிட்டது என்று சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு நாள் தவணை கிடைத்திருக்குமோ என்னவோ. அப்போது வாயில் வரவில்லை.

"சாப்பிட்டுவிட்டோம்."

அவர் முதலில் நான் இங்கிலீஷைத் தப்பாகப் பேசிவிட்டேன் என்று நினைத்தார். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல, அடக்க முடியாமல் வந்தது. படிக்கட்டில் நின்ற கங்காணியும், காரணம் தெரியாமல், துரை சிரிக்கிறாரே என்று சிரித்தார். அத்தான் முற்றத்தில் மழையில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னிடம் ஆரச்சியின் புகார் இருக்கிறது. உன்னிடம் குஞ்சுகள் இருக்கின்றன" என்றார் துரை. "வியாதி வந்த மீனை யாராவது சாப்பிடுவார்களா? அது வியாதி என்று உனக்கே நம்பிக்கை இல்லை." ஸ்டோர்த் தண்ணீரைப் பற்றி நான் ஆரம்பித்தேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பத்துச்சீட்டில் கையெழுத்துப் போட அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அக்காவிடம் துரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கிலீசுல சரிக்குச் சரி பேசுனியாமே, கங்காணியே வந்து சொன்னாரு. நீ பேசியும் கேக்கலன்னா அது நம்ம தலையெழுத்து. நீ மனசுல வச்சுக்காத." அவள் அப்படித் தேற்றத் தேற்ற எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை காலை. பதினெட்டு வருஷத்துக் குடித்தனம் இரண்டு மூட்டையிலும் ஒரு தகரப்பெட்டியிலும் அடங்கிவிட்டது. வரக்காப்பொலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தெரிந்த ஆள் இருப்பதாக அத்தான் சொன்னார். அக்கா சரிவில் ஏறி மண்மேட்டுக்குப் போனாள். நீங்க வரவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். நாங்கள் இருவரும் ரோட்டோரம் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அத்தான், தப்பு என்னுடையது. தொடாதே என்று சொல்ல வேண்டியவன் சுத்தமாக வை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அக்காவுக்கு அது தெரியாது. நான்தான் உங்கள் வேலையைக் கெடுத்தேன்."

அத்தான் கீழே கிடந்த ரப்பர் விதை ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார்.

"நான் பாத்தேன் மச்சான்" என்றார். "மீனப் பானையில விட்டுட்டு வெறகுக்குப் போயிட்டு வந்தேன். அவ கல்லுகிட்ட ஒக்காந்து ஒரைச்சுக்கிட்டு இருந்தா. வாலுப்பக்கம் மட்டுந்தான் ஆயிருந்துச்சு. தலப்பக்கமெல்லாம் வழும்பு அப்படியே இருந்துச்சு. நீங்க ஓயாவுல சொன்னது எனக்கு மறக்கல. ஒரு சத்தம் குடுத்திருந்தா நிறுத்தியிருப்பா."

"அப்புறம் ஏன்...?"

"பாடிக்கிட்டு இருந்தா."

எனக்குப் புரியவில்லை.

"புள்ள போனதுக்கப்பறம் அவ பாடி நான் கேட்டதில்ல மச்சான். அடுப்புகிட்டயும் இல்ல, மலையில பால் வெட்டும்போதும் இல்ல. அன்னிக்கு, தம்பி கேட்டான் தம்பி கேட்டான்னு சொல்லிக்கிட்டே பாடுனா. அத நிறுத்துன்னு நான் எப்புடிச் சொல்லுவேன்? சொன்னா, தான் என்ன காரியம் பண்ணப் பாத்தோம்னு அவளுக்கு வெளங்கிரும். அப்பறம் அவ வாயே தொறக்க மாட்டா. வேல போயிரும்னு தெரியும். புள்ளைய இங்கனயே விட்டுட்டுப் போகணும்னும் தெரியும். தெரிஞ்சுதான் வெறகப் போட்டுட்டு, கொறக்கா வாங்கியாறேன்னு கடைக்குப் போயிட்டேன்."

ரப்பர் விதையைத் தூர எறிந்தார். "அவகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அந்த ஒரு நாளு அவகிட்ட அப்படியே இருக்கட்டும்." சொல்ல மாட்டேன் என்று அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

அக்கா சரிவில் இறங்கி வந்தாள். கையெல்லாம் மண். அழுதிருந்தாள், ஆனால் நடை தளரவில்லை. பஸ் வரும் சத்தம் கேட்டதும் மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். என் கன்னத்தைத் தொட்டு, மெலிந்துபோயிருக்கிறேன் என்றும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னாள். அத்தான் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத் தகரப்பெட்டியோடு நின்றுகொண்டார்.

சென்னைக்கு வந்து டாக்டரிடம் அறிக்கை கொடுத்தேன். நீரைப் பற்றிய பக்கங்களைப் பாராட்டினார். வயசைப் பற்றிய பக்கம் காலியாக இருப்பதைக் காட்டி, ஒரு மூத்த மீன்கூடவா கிடைக்கவில்லை என்று கேட்டார். இல்லை என்றேன்.

அத்தானுக்குக் கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதினேன்.